காவி உடுத்த விஞ்ஞான ஆசிரியர்: விபுலாநந்தரும் திருகோணமலைப் பாடசாலையும்

கிழக்கிலே பாடசாலைக்குப் போன எவரும் சுவாமி விபுலாநந்தரைப் பற்றி ஒரு கட்டுரையாவது எழுதியிருப்பார். பிறந்தது காரைதீவு, இயற்பெயர் மயில்வாகனன், இயற்றியது யாழ் நூல், மறைந்தது 1947 ஜூலை 19. முத்தமிழ் வித்தகர் என்ற பட்டத்தையும் சேர்த்துக்கொண்டால் ஒரு பக்கம் நிரம்பிவிடும். ஆசிரியர் சிவப்புப் பேனையால் ஒரு சரி போடுவார். ஆண்டுதோறும் ஜூலையில் படத்துக்கு மாலை, பேச்சுப்போட்டி, பரிசு.

யாழைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அவருடைய பாடசாலைகளைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. ஆனால் அந்த மனிதர் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவழித்தது வகுப்பறைகளோடுதான். கூரைக்குக் காசு தேடுவது, ஆசிரியர் சம்பளத்துக்கு வழி பார்ப்பது, கல்வித் திணைக்களத்தோடு கடிதப் போக்குவரத்து நடத்துவது என்று ஒரு முகாமையாளரின் வேலைகள் அவை. திருகோணமலையில் கல்வி பற்றிச் செய்தி சேகரிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் அவருடைய பெயர் எங்காவது ஒரு சுவரில் எதிர்ப்படுகிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிற மனிதர், நாங்கள் கட்டுரையில் எழுதிய மனிதரைவிடச் சிக்கலானவர்.

அவர் பிறந்த ஊரிலிருந்தே தொடங்கலாம். காரைதீவு கடலோரத் தமிழ்க் கிராமம். வடக்கே போனால் மாளிகைக்காடு, சாய்ந்தமருது. தெற்கே போனால் நிந்தவூர். இரண்டு பக்கமும் முஸ்லிம் ஊர்கள். ஊரைவிட்டு எந்தத் திசையில் நடந்தாலும் பாங்கு கேட்கும். 1892 இல் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் அங்கே பிறந்த மயில்வாகனன், ஊர்த் திண்ணையில் தமிழ் எழுத்தைப் படித்தார். ஆங்கிலம் படிப்பதற்கு ஊரைவிட்டு வெளியே போகவேண்டியிருந்தது. போன இடம் கல்முனை மெதடிஸ்த பாடசாலை.

அந்தக் காலத்தில் வேறு வழியில்லை. மெதடிஸ்த மிஷனரிமார் 1814 இல் இலங்கையில் வந்திறங்கிய கையோடு மட்டக்களப்பிலும் பாடசாலை தொடங்கியவர்கள். அவர்களுக்குப் பின்னால் கத்தோலிக்கர் வந்தார்கள். 1893 இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவாக்கப்பட்டு, சில ஆண்டுகளுக்குள் பிரெஞ்சு யேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரி, திருகோணமலையில் புனித சூசையப்பர் கல்லூரி எல்லாம் அவர்களுடைய கைகளில் வளர்ந்தவை. சைவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஆங்கிலம் படிக்கவேண்டுமானால் பாதிரியாரின் படியேறவேண்டும். மயில்வாகனன் கல்முனையிலிருந்து புனித மிக்கேலுக்குப் போனார். 1908 இல், 16 வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்தார். கணிதத்தில் அவருக்கிருந்த மோகம் அங்கேயே பிடித்தது. படித்த கல்லூரியிலேயே ஆசிரியராகவும் அமர்ந்தார்.

பிறகு கொழும்பில் ஆசிரியர் பயிற்சி, தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா. இதற்கு நடுவே 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அதில் தேறிய முதல்வர் அவர் என்று சொல்வார்கள். பகலில் இரசாயனமும் பௌதிகமும், இரவில் தொல்காப்பியம் என்றிருந்த காலம் அது. 1917 இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். அதுவும் கத்தோலிக்கக் கல்லூரி. சைவப் பண்டிதர் ஒருவர் அமலமரித் தியாகிகள் சபையின் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தார் என்பது இன்றைக்கு எங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அன்றைக்கு அது அன்றாடம். அங்கிருந்தபடியே இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி மாணவராகப் படித்து 1920 இல் பி.எஸ்சி. பட்டம் பெற்றார். அதே ஆண்டு மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரை அதிபராக அழைத்துக்கொண்டது.

அப்போது அவருக்கு 28 வயது. மெதடிஸ்தரிடம் படித்தாயிற்று, யேசு சபையாரிடம் படித்துப் படிப்பித்தாயிற்று, அமலமரித் தியாகிகளிடம் சம்பளம் வாங்கியாயிற்று, இந்துக் கல்லூரி ஒன்றை நடத்தவும் தொடங்கியாயிற்று. இந்த நாலு படலைகளாலும் நுழைந்து வந்தவர் என்பதை மறந்துவிட்டு, அவர் பிற்காலத்தில் கட்டிய பாடசாலைகளை விளங்கிக்கொள்ள முடியாது என்பது என் எண்ணம். மதத்தின் பெயரால் நடக்கும் பாடசாலை என்ன கொடுக்கும், எதைப் பறிக்கும் என்பதை அவர் உள்ளேயிருந்தே பார்த்தவர். நல்ல ஆய்வுகூடமும் ஒழுங்கான மணிக்கணக்கும் கொடுக்கும். மாற்று மதப் பிள்ளைக்குத் தன் வீடு கொஞ்சம் மட்டம் என்ற கூச்சத்தையும் சேர்த்துக் கொடுக்கும். நாவலர் காலத்திலிருந்து சைவர்கள் மனத்தில் கிடந்த ஆதங்கம் இது. 1923 இல் இராசரத்தினம் முன்னின்று சைவ வித்தியா விருத்திச் சங்கத்தைத் தொடங்கியதும் இதே ஆதங்கத்தால்தான்.

1922 இல் அதிபர் பதவியை விட்டுவிட்டு மயில்வாகனன் சென்னைக்குக் கப்பலேறினார். மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் பிரபோத சைதன்யர் என்ற பெயரோடு பிரமச்சாரியாக இருந்து, 1924 சித்திரா பௌர்ணமியில் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்றார். விபுலாநந்தர் என்ற பெயர் அன்று வந்தது. சிவானந்தர், இராமகிருஷ்ணரின் நேரடிச் சீடர்களில் ஒருவர்; அப்போது மடத்தின் தலைவராக இருந்தவர். குகைக்கும் மலைக்கும் போகவேண்டிய துறவியை மடம் 1925 இல் இலங்கைக்கே திருப்பி அனுப்பியது. பாடசாலைகளைப் பார்த்துக்கொள்ளும்படி.

இங்கேதான் திருகோணமலை வருகிறது.

துறைமுகத்தைச் சுற்றிய அந்த ஊரின் அமைப்பைச் சொல்லவேண்டும். சுவாமிமலையில் கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்து, அந்தக் கல்லால் கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் துறைமுகத்துக்காக அடிபட்டார்கள். விபுலாநந்தர் வந்த நேரம் அது பிரித்தானியக் கடற்படையின் தளம். கடற்படை முற்றம் இருந்தது, எழுதுவினைஞர் வேலை இருந்தது, அந்த வேலைக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. 1920களின் பிற்பகுதியில் ரயிலும் வந்தது. ஊரில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், பறங்கியர் என்று எல்லோரும் இருந்தார்கள். ஆங்கிலப் பாடசாலை என்றால் மிஷன் பாடசாலைதான்.

இதற்கு மறுமொழியாகச் சைவ மக்கள் 1897 இல் தொடங்கிய பாடசாலைதான் பின்னாளில் திருகோணமலை இந்துக் கல்லூரியானது. இன்றைய ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி. ஊர்ப் பாடசாலையை நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். அரசாங்கம் உதவி நன்கொடை தரும். அதற்குப் பரிசோதகர் வந்து வரவையும் தேர்ச்சியையும் பார்த்துத் திருப்திப்படவேண்டும். மீதிக்கு முகாமையாளர் கையைப் பிசையவேண்டும். மிஷன்களுக்குக் கடல் கடந்து பணம் வந்தது. சைவர்களுக்கு வந்தது கோயில் உண்டியலிலிருந்தும் கடைக்காரரின் கையிலிருந்தும். இலவசக் கல்வி 1945 இல்தான் வந்தது. அதுவரை ஆங்கிலப் பாடசாலையில் கட்டணம் கட்டவேண்டும். கட்டமுடியாத பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இருபத்தெட்டு ஆண்டுகள் இழுத்துப் பிடித்த பாடசாலை, 1925 இல் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்புக்குப் போனது. விபுலாநந்தர் அதன் முகாமையாளரானார். 1920களின் இறுதியில் அதிபராகவும் இருந்து நடத்தினார்.

ஒரு துறவி இரசாயனமும் தெரிந்தவராக, இலண்டன் பட்டமும் மதுரைப் பண்டிதமும் கைவசம் உள்ளவராக, காவியோடு வந்து நிற்பது துறைமுக ஊருக்குப் புதிது. அவர் இரண்டு விடயங்களில் பிடிவாதமாக இருந்தார். ஆங்கிலமும் விஞ்ஞானமும் குறையக்கூடாது; அவற்றுக்காகத் தமிழை விற்கவும் கூடாது. இது வெறும் பேச்சல்ல. 1936 இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாடு கூடியபோது தலைமை ஏற்று, பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் கணிதத்துக்கும் தமிழ்ச் சொற்கள் திரட்டும் வேலையை முன்னெடுத்தவர் அவர். பாடசாலைக் கரும்பலகையில் தமிழில் விஞ்ஞானம் எழுதமுடியாமல் திண்டாடிய ஆசிரியர் ஒருவருக்குத்தான் அந்த வேலையின் அவசரம் விளங்கும்.

இன்னொரு விடயம், சாதி. அதே 1929, 1930 காலத்தில் வடக்கில் சம ஆசனப் பிரச்சினை வெடித்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை வாங்கில் சமமாக இருத்தவேண்டும் என்று அரசாங்கம் சொன்னதற்காகப் பாடசாலைக் கொட்டில்கள் எரிக்கப்பட்டன. எரித்தவர்கள் வெள்ளைக்காரர் அல்லர், சிங்களவர் அல்லர், நாங்கள்தான். விபுலாநந்தர் எந்தப் பக்கம் நின்றார் என்பதில் சந்தேகம் இல்லை. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசின் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். தீண்டாமைக்கு எதிராக வெளிப்படையாக நின்ற இயக்கம் அது. பின்னர் 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழின் முதற் பேராசிரியராக அழைத்தபோதும், மாலையில் பக்கத்துத் திருவேட்களத்தின் சேரிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். பல்கலைக்கழகப் பேராசிரியர் செய்கிற வேலையா இது என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் 1929 இல் அவர் தொடங்கிய சிவானந்த வித்தியாலயம் எல்லோருக்கும் தெரிந்தது. குருவின் பெயரையே வைத்தார். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலம். அதோடு சேர்ந்த மாணவர் இல்லத்தில் கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைகளுக்கு இடமும் சாப்பாடும் கிடைத்தன. போர் நடந்த ஆண்டுகளில் கிழக்கில் அநாதரவாக நின்ற பிள்ளைகளை மிஷனின் இல்லங்கள் ஏற்றதற்கு வேர் அங்கே இருக்கிறது. திருகோணமலையின் கதை அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. கல்லடியை அவர் அடியிலிருந்து கட்டினார்; திருகோணமலையில் மற்றவர்கள் கட்டிவைத்ததை விழாமல் தாங்கினார். தாங்கியவருக்கு யாரும் சிலை வைப்பதில்லை.

1933 இல் அண்ணாமலையை விட்டார். 1939 முதல் சில ஆண்டுகள் இமயமலையில் மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து பிரபுத்த பாரதா என்ற ஆங்கில மாத இதழின் ஆசிரியராக இருந்தார். ஊடகக் கல்வி படித்த எனக்கு அவருடைய இந்தப் பக்கம் தனியாகப் பிடிக்கும். எங்கள் பாடத்திட்டத்தில் அவரை இதழாசிரியராக யாரும் காட்டவில்லை. சென்னையில் பிரமச்சாரியாக இருந்தபோதே இராமகிருஷ்ண விஜயம் இதழில் வேலை செய்தவர். இரண்டு மொழியிலும் பத்திரிகை நடத்தத் தெரிந்த துறவி.

உலகப்போர் துறைமுகத்துக்கும் வந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. ஊரே கலைந்து ஓடியது. இடப்பெயர்வு என்ற சொல்லுக்கு எங்கள் தலைமுறை கொடுத்த பொருளை அந்த ஊரின் பாட்டன்மார் அப்போதே அறிந்திருந்தார்கள்.

அதே 1942 இல் கல்முனைக்கு ஓர் அரச அதிகாரி வந்தார். ஏ. எம். ஏ. அஸீஸ். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். போர்க்காலப் பஞ்சத்துக்கு நெல் விளைவிக்கும் வேலை அவருக்கு. விபுலாநந்தரும் அவரும் நெருங்கிய நண்பர்களானார்கள். கிழக்கு முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காக அஸீஸ் கல்முனையில் சங்கம் அமைத்தபோது, அந்தச் சிந்தனைக்குப் பின்னால் காரைதீவுத் துறவியின் தூண்டுதலும் இருந்தது. அந்த நட்பு எப்படி இயல்பாக வந்தது என்பதற்கு அஸீஸின் சொந்தக் கதை மறுமொழி சொல்கிறது. அவர் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். சிறுவயதில் படித்தது வைத்தீஸ்வர வித்தியாலயம், இராமகிருஷ்ண மிஷன் பாடசாலை. அடுத்துப் படித்தது யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. 1920களில் இந்துக் கல்லூரி வாங்கில் ஒரு முஸ்லிம் பிள்ளை ஆண்டுக்கணக்காக இருந்து படித்தது. படித்து நாட்டின் உச்சப் பரீட்சையில் தேறியது.

1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விபுலாநந்தர் நியமிக்கப்பட்டார். உடல் தளர்ந்துவிட்டது. ஆனால் யாழ் அவரை விடவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வைத்துக்கொண்டு, ஒலியலையையும் நரம்பின் நீளத்தையும் கணக்குப் போட்டு, மறைந்துபோன இசைக்கருவியின் அமைப்பை மீட்க முயன்றார். புனித மிக்கேலில் பிடித்த கணித மோகம் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தது. 14 ஆண்டு உழைப்பு. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், யாழ் நூல் அரங்கேறியது. ஆறு வாரங்களில், ஜூலை 19 அன்று, கொழும்பில் காலமானார். உடலைக் கல்லடிக்குக் கொண்டுபோய்ச் சிவானந்த வித்தியாலய வளவில், மரத்தடியில் சமாதி வைத்தார்கள். நாடு சுதந்திரம் அடைய இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன. அதற்குப் பிறகு நடந்த எதையும் அவர் பார்க்கவில்லை.

நடந்தவற்றில் ஒன்று பாடசாலைகளின் கைமாற்றம். 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கத்தின் கீழ் கொண்டுவந்தன. கத்தோலிக்கர் கொந்தளித்தார்கள். மிஷனின் பாடசாலைகளும் அரசுக்குப் போயின. சம்பளம் அரசுடையது, நியமனம் அரசுடையது, பெயர்ப்பலகை மட்டும் பழையது. இந்து, மெதடிஸ்த, புனித, சாகிறா என்ற சொற்கள் படலையில் நின்றன. அந்தச் சொற்களுக்கு இனி என்ன பொருள் என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. பேசாமல் விட்டதன் விலையைப் பின்னால் கொடுத்தோம்.

பிறகு 1983, 1985, 1987, 1990. திருகோணமலைப் பாடசாலைகள் எத்தனை முறை அகதி முகாம்களாக மாறின என்பது அந்த ஊர்க்காரருக்குத் தெரியும். 2006 ஜனவரி 2 அன்று மாலை கடற்கரையில் பேசிக்கொண்டிருந்த ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த ஊரில் படித்து, அடுத்த படிக்குக் காத்திருந்தவர்கள். கைக்குண்டு வெடித்து இறந்ததாகச் சொல்லப்பட்டது. சுடர் ஒளி நிருபர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் தலையில் சூட்டுக்காயங்களைக் காட்டின. ஜனவரி 24 அன்று அவரையும் சுட்டுக்கொன்றார்கள். கைதுசெய்யப்பட்ட விசேட அதிரடிப் படையினர் 13 பேரையும் 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் சாட்சியம் போதாதென்று விடுவித்தது. கல்வியால் தலைநிமிரலாம் என்று அந்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்த ஒருவருடைய வாழ்க்கையை எழுதும்போது, இதை விட்டுவிட்டு எழுத எனக்குக் கை வரவில்லை.

இதைச் சொல்கிற அதே கை இன்னொன்றையும் எழுதவேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு மணித்தியால அவகாசம். அஸீஸ் பிறந்து, மிஷன் பாடசாலைக்கு நடந்துபோன வீதிகளும் அதில் அடங்கும். 2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரிக்கு முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தபோது படலைக்கு வெளியே ஆர்ப்பாட்டம் நடந்தது. ஆசிரியைகள் வேறு பாடசாலைகளுக்கு இடம் மாற்றப்பட்டார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு பின்னர் அவர்கள் பக்கம் பரிந்துரை செய்தது. 2022 பெப்ரவரியில் ஓர் ஆசிரியை திரும்பி வந்த நாளில் மறுபடி குழப்பம். பாடசாலைக்கென்று ஒரு பாரம்பரியம் உண்டு, சேலைதான் அங்கே வழக்கம் என்றார்கள் பெற்றோரும் பழைய மாணவிகளும். எத்தனையோ இழந்த ஒரு சமூகம் மிச்சமிருக்கிற ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் எந்தப் பாரம்பரியத்தைச் சொல்கிறோம் என்று கேட்கவேண்டியிருக்கிறது. கோணேஸ்வராவையும் கல்லடியையும் நடத்தியவர் பைபிள் வகுப்பு நடந்த பாடசாலைகளில் திருநீற்றோடு இருந்து படித்தவர், சம்பளம் வாங்கியவர். அங்கே அவரை உடுப்பைக் காட்டி வெளியே நிறுத்தியிருந்தால், யாழ் நூலும் இல்லை, சிவானந்தாவும் இல்லை.

அஸீஸ் 1948 இல் கொழும்பு சாகிறாக் கல்லூரியின் அதிபராகி 1961 வரை இருந்தார். அங்கே அவருடைய காலத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் படித்தார்கள்.